ஒரே ஓர் ஆட்டம் ஆடிய கோல்கீப்பர்

1

தூத்துக்குடியிலிருந்து என் மச்சான் ஒரு ஜெபமாலை அனுப்பியிருந்தார். பிளாஸ்டிக் மணி. ரங்கூனில் ஜெபமாலைகூடக் கிடைக்காது என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். மாலையை என் மனைவி லூர்து எடுத்துக்கொண்டாள். அதைச் சுற்றி வந்த தாள் என் பங்குக்கு வந்தது.

உங்கள் ஊர் வாரப் பத்திரிகை ஒன்றின் பக்கம் அது. ஸ்பெயின் நாட்டுக் கோல்கீப்பர் ஒருவர் பிற்பாடு பயிற்சியாளராகி உலகப் புகழ் பெற்ற வரலாறு. எழுதிய மகானுபாவர் ஸ்பெயினைத் தேசப்படத்திலாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். கோல்கீப்பர் சிறு வயதில் தெருவில் தேங்காயை உருட்டிவிட்டுப் பாய்ந்து பிடித்துப் பழகினாராம். ஸ்பெயினில், தேங்காய். அந்த மனிதருக்கு ஒரு நாள் பல்வலி கிடையாது, ஒரு நாள் வயிற்றுப்போக்கு கிடையாது. ஏறினார், மேலும் ஏறினார், அவ்வளவுதான். கடைசிப் பத்தி கிழிந்துபோயிருந்தது. அதனால் என்ன ஆனார் என்று தெரியவில்லை. ஜெயித்திருப்பார். உங்கள் பத்திரிகைகளில் எல்லாரும் ஜெயிக்கிறார்கள்.

எனக்கும் ஒரு ஸ்பெயின்காரரைத் தெரியும். அவரும் கோல்கீப்பர், அவரும் பிறகு பயிற்சியாளர். அவருடைய தொழில் வரலாற்றை நாலு நகல்களில் டைப் அடித்தவன் நான். அவர் ரங்கூனை விட்டுப் போய் இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. ஏன் போனார் என்பதை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டியவன் நான்தான் என்பதால் அது இத்தனை நாள் எழுதப்படாமலே கிடந்தது.

2

முதலில் என்னைப் பற்றி. பெயர் அந்தோனி. குடியிருப்பது ரங்கூனில் தாமுவே பக்கம். வேலை அலோனில், படகுத்துறை ஓரம் ஒரு கிட்டங்கியில் டைப்பிஸ்ட். முன்பு அதற்கு ஒரு முதலாளி இருந்தார். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகை போய் அந்த இடத்தில் ஓர் எண் வந்தது. முதலாளி போனார், நான் இருக்கிறேன், என் மெஷினும் இருக்கிறது. அதில் ஓர் எழுத்தின் வால் மட்டும் தாளில் விழாது. மற்றபடி என் வேலையில் குறை சொன்னவன் கிடையாது. கார்பன் வைத்து நாலு நகல் எடுத்தால் நாலாவதும் முகம் கழுவிய மாதிரி இருக்கும். ஒரு நகல் கேட்டாலும் நாலு அடிப்பேன். இணைப்பு கேட்காத மனுவுக்கும் இணைப்பு வைப்பேன். இந்தப் பெருமைக்குப் பிற்பாடு ஒரு வேலை வரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலோன் கோயில் பையன்களும் துறைமுகத் தொழிலாளிகளும் சேர்ந்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தோம். நான் செயலாளர். செயலாளர் என்றால் கடிதம் எழுதுபவன், எலுமிச்சம்பழம் வாங்கி வருபவன், தோற்றால் திட்டு வாங்குபவன். ஜெயித்த நாளில் செயலாளர் என்று ஒருவர் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது.

மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம், அப்படி ஒரு பள்ளியில் டிரில் வாத்தியாராக இருந்த ஸ்பெயின்காரர் வேலை இழந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். அவருடைய முழுப்பெயர் ஒரு முழ நீளம். எங்கள் ஆட்கள் அதை வெட்டிப் புனிதர் பெயராக்கி எஸ்தேவான் என்றார்கள். வாத்தியாரை இங்கே ஸயா என்பார்கள். ஆக, எஸ்தேவான் ஸயா. ஐம்பது வயதுக்கு மேல். பானை வயிறு. காலுறை இல்லாத கான்வாஸ் பூட்ஸ். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. கோல்கீப்பர் என்று சொன்னால் நம்புவதற்கு அந்த இரண்டு கைகளைத் தவிர உடம்பில் வேறு சாட்சி இல்லை. கைகள் மட்டும் முறம் போல இருந்தன.

பேச்சுக்குக் குறைச்சலே இல்லை. மொஹிங்கா என்ற மீன்சாறு நூடுல்ஸ் விற்கும் கடையில் உட்கார்ந்தால் தன் பழைய ஆட்டங்களை ஆரம்பித்துவிடுவார். முதல் மாதம் கேட்டபோது அவர் ஸ்பெயினின் வடக்கே ஒரு துறைமுக ஊர் அணிக்கு ஒன்பது வருடம் கோல் காத்தவர். இரண்டாம் மாதம் அந்த அணி தலைநகருக்கு மாறியிருந்தது. நான் குமாஸ்தா, எனக்குத் தேதி முக்கியம். கணக்குப் போட்டுப் பார்த்ததில், மனிதர் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு ஊர்களில் கோல் காத்திருக்கிறார். அதன்பின் உள்நாட்டுச் சண்டை, கப்பல், மணிலா, அங்கே ஓர் அணிக்குப் பயிற்சியாளர், பிறகு காய்ச்சல், காய்ச்சலோடு ரங்கூன் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டது. காய்ச்சல் மட்டும் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருந்தது. அதனால் அதை நம்பினேன்.

3

பயிற்சியில் அவரிடம் இரண்டே சட்டங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து நான் சிரிக்காத நாள் இல்லை.

ஒன்று, சத்தம். உயரமாக வரும் பந்தைப் பிடிக்க கோல்கீப்பர் கோட்டை விட்டு வெளியே வந்தால், ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும். அப்போதுதான் முன்னால் தடுத்து நிற்கும் பேக் ஒதுங்குவான். எங்கள் பேக்குகள் தமிழர்கள், ஹாஃப் இருவர் பர்மியர், ஒரு விங்கில் கரேன் பையன். எந்த மொழியில் கத்துவது என்று ஒரு மாலை முழுவதும் சண்டை. கடைசியில் எஸ்தேவான் ஸயா ‘ஙா’ என்று முடிவு செய்தார். தமிழ் அரிச்சுவடியில் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் எழுத்து அது. பர்மிய மொழியில் அதற்கு ‘நான்’ என்று பொருள். சமவயதுக்காரர்களுக்குள் சொல்வது. பெரிய மனிதர் முன்னால் அப்படிச் சொன்னால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். ஸயா கற்ற பர்மிய மொழி முழுக்க மைதானத்தில் கற்றது. பெரிய மனிதருக்கான சொல் அவருக்குத் தெரியாது.

எங்கள் கோல்கீப்பர் என் மகன் சவரிமுத்து. பதினேழு வயது. தவிட்டு மூட்டையை அவன் மேல் எறிந்துவிட்டு ஸயா காதில் கை வைத்துக்கொண்டு நிற்பார். அவன் ‘ஙா’ என்பான். ஸயா தனக்குத் தெரிந்த இரண்டே தமிழ்ச் சொற்களைச் சொல்வார்.

“சத்தம் பத்தாது.”

எனக்கு எரிச்சல். ஜெபத்தைத் தமிழில் சொல்லிவிட்டுச் சண்டையைப் பர்மிய மொழியில் போடும் பிள்ளைகளைத்தான் நாங்கள் ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்தோம். இவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது. இப்போது வாய்விட்டுக் கத்துவதும் அந்த மொழியில் என்றால் தமிழில் மிச்சம் இருப்பது முனகல்தான் என்று லூர்துவிடம் புலம்பினேன்.

இரண்டாவது சட்டம், விரல். கோல் விழுந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோல்கீப்பர் பேக்கைக் கைகாட்டுவான், பேக் ஹாஃபைக் காட்டுவான், ஹாஃப் நடுவரைக் காட்டுவான், கடைசியில் எல்லாரும் செயலாளரைப் பார்ப்பார்கள். ஸயா அதை ஒழித்தார். கோல் யார் பிழையால் விழுந்தாலும் கோல்கீப்பர் குனிந்து வலைக்குள் கிடக்கும் பந்தைத் தானே எடுத்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நடுக்கோட்டுக்கு உதைக்க வேண்டும். விரல் நீட்டியவனுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது. சவரி ஒருமுறை நீட்டினான். அந்த பேக் செய்தது அப்பட்டமான பிழை. கண் இல்லாதவனுக்குக்கூடத் தெரியும். ஸயா சவரியை வெளியே உட்கார வைத்தார். நாங்கள் நாலு கோல் வாங்கினோம். தகப்பன் என்ற முறையிலும் செயலாளர் என்ற முறையிலும் நான் நியாயம் கேட்டேன். ஸயா பல்குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். அதுதான் பதில்.

4

இப்போது உங்களைப் பற்றிக் கொஞ்சம்.

ஜப்பான் சண்டைக் காலத்தில் நாங்கள் மலை தாண்டி நடந்து இந்தியா வந்தவர்கள். கால் வீங்கி, பேதி பிடித்து, எலும்பும் தோலுமாகத் தூத்துக்குடி வந்து சேர்ந்த என்னைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, தங்கத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்பது. இல்லை என்றதும் மறைக்கிறான் என்றார்கள். உப்பு வாடை அடிக்கும் அந்தத் தெருவில் என் பேர் அந்தோனி அல்ல, பர்மாக்காரன். சண்டை முடிந்த கையோடு திரும்பி வந்துவிட்டேன். வந்த நாள் முதல், அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வெட்கம் என்பது குறைவுதான்.

அந்த வாய்ச்சொல்லுக்காகவே குடியுரிமைக்கு மனுப் போடவில்லை. வெளிநாட்டார் பதிவுப் புத்தகத்தை வருடா வருடம் புதுப்பிப்பேன். மனுப் போட்டுப் பர்மியப் பெயர் வைத்துக்கொண்ட நம் ஆட்களைக் கேலி செய்வேன். ஆரோக்கியசாமி மவுங் ஏதோவாக மாறி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து பழைய பெயரில் காணிக்கைக் கவர் கேட்டபோது, எந்தப் பெயர்க் கவர் என்று உபதேசியார் கேட்டால் என்ன சொல்வாய் என்று நாலு பேர் முன்னால் கேட்டவன் நான்.

பிறகு கடைகள் போயின, கிட்டங்கிகள் போயின, நம் ஆட்களை இந்தியாவுக்கு ஏற்றிப்போகக் கப்பல்கள் வந்தன. எங்கள் அணி அவ்வப்போது ஒரு கப்பலுக்கு ஓர் ஆள் வீதம் குறைந்தது. எங்கள் வலது பேக் சென்னையில் கடற்கரைப் பக்கம் தள்ளுவண்டியில் பர்மா நூடுல்ஸ் விற்கிறானாம். அவன் பேசும் தமிழைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தான். தட்டை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிடுகிறீர்களாம்.

எனக்கும் பயம் வந்தது. எனக்கு, லூர்துவுக்கு, சவரிக்கு என்று மூன்று பேருக்கும் புகைப்படத்தோடு இந்தியாவுக்குப் புறப்பாட்டு மனுப் போட்டேன். நாலு நகல்.

அதே வாரம் போட்டிக் குழுவிலிருந்து ஒரு புது விதி வந்தது. ஓர் அணியில் மூன்று பேருக்கு மேல் வெளிநாட்டார் ஆடக்கூடாது. எங்கள் பதினோரு பேரில் ஏழு பேரிடம் பதிவுப் புத்தகம்தான் இருந்தது. எஸ்தேவான் ஸயா, ஆள் இல்லை என்றால் விலகிவிடுவோம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. கப்பல் ஏறும் முன் என் மகன் ஒரு கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஆகவே யாரிடமும் சொல்லாமல், ஆட்டக்காரர் பட்டியலில் நாலு பேருக்குப் பர்மியப் பெயரை நானே அடித்தேன். சவரிமுத்து, மவுங் லா ஷ்வே ஆனான். பெயர் மாற்றியவர்களைக் கேலி செய்த அதே கை, நாலு நகலில் நாலு பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தது.

பட்டியலின் கீழே பயிற்சியாளர் கையெழுத்து வேண்டும். எஸ்தேவான் ஸயா படிக்காமல் போட்டார். செயலாளர் நீட்டிய தாளைப் படித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இல்லை. பிறகு குழுப் படம். கீழக்கரைக்காரர் காதர் பாய் தம் ஸ்டுடியோவில் எடுத்து, அட்டையில் ஒவ்வொரு முகத்துக்கும் கீழே வெள்ளை மையில் பெயர் எழுதினார். பெயர்களை நான் கொடுத்த பட்டியலைப் பார்த்துத்தான் எழுதினார். என் மகன் முகத்துக்குக் கீழே லா ஷ்வே என்று படித்தபோது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். போட்டி விதி, பாய் என்றேன்.

5

அடுத்து ஸயாவின் தங்கும் அனுமதி முடியும் காலம் வந்தது. பள்ளிக்கூட வேலை போய்விட்டதால், பயிற்சியாளர் என்ற தொழிலைக் காட்டித்தான் நீட்டிப்புக் கேட்க வேண்டும். தொழில் வரலாறு என்று ஒரு பத்தி. அதை நிரப்பித் தரும்படி என்னிடம் வந்தார். ஒரு காலைப்பொழுதில் மொஹிங்கா கடையில் உட்கார்ந்தோம். அவருடைய கதைகளை ஒரு வழியாகத் தாளில் பிடித்துப் போடப்போகிறேன் என்று எனக்கு உள்ளூரக் குதூகலம்.

முதல் தர அணியில் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள் என்று கேட்டேன். அவர் பல்குச்சியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார். நூறா என்றேன். இல்லை, ஒன்று என்றார்.

மீதியை ஆங்கிலத்தில் சொன்னார். அந்தத் துறைமுக ஊர் அணியில் அவர் ஒன்பது வருடமும் மாற்றுக் கோல்கீப்பர். பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஒருநாள் முதன்மைக் கோல்கீப்பருக்குக் கை பிசகிவிட, இவரை இறக்கினார்கள். ஆட்டம் முடியச் சற்று நேரம் இருக்கும்போது உயரமாக ஒரு பந்து வந்தது. எனது என்று கத்தினார். அதைக் கேட்டு பேக் ஒதுங்கிக்கொண்டான். இவர் இரண்டடி வந்தவர் பயந்து பின்வாங்கிவிட்டார். பந்து இருவருக்கும் நடுவில் குத்தி, உருண்டு, வலைக்குள் போனது. மைதானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் விரலை நீட்டி அந்த பேக்கைக் காட்டினார். பேக் இவருடைய தெருக்காரன், கூடவே வளர்ந்தவன். மறுநாள் பத்திரிகையில் அவன் பெயர் வந்தது. அந்தப் பருவத்தோடு அவனை அணியை விட்டு நீக்கினார்கள். அப்பாவின் மீன்பிடிப் படகுக்குப் போய்விட்டான்.

“நீங்கள் திருத்தவில்லையா?” என்று கேட்டேன்.

“யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். இதை எழுதாதே என்று சொல்லிவிட்டுப் பல்குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

நான் எழுதவில்லை. முதல் தர அணியின் முதன்மைக் கோல்கீப்பர், ஒன்பது வருடம் என்று அடித்தேன். உங்கள் பத்திரிகைக்காரர் மாதிரிதான், தேங்காய் மட்டும் சேர்க்கவில்லை. மனதுக்குள் அவரைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்று போயிற்று. ஒரு பந்துக்குப் பயந்தவன், பழியைக் கூட்டாளி மேல் போட்டவன், இவன் பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்கிறானா என்று நினைத்தேன்.

மனுவைக் கட்டும்போது என் பெருமை தலை தூக்கியது. அவர் உண்மையாகவே பயிற்சி கொடுக்கிறார் என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா? கோப்பில் ஆட்டக்காரர் பட்டியலின் நாலாவது நகல் இருந்தது. காதர் பாய் எடுத்த குழுப் படமும் ஒரு பிரதி இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று மேலே அடித்து, குண்டூசி குத்தி, இரண்டையும் சேர்த்துவைத்தேன். இணைப்பில்லாத மனுவைப் பார்த்தால் எனக்குச் சட்டை போடாத ஆளைப் பார்ப்பது போல இருக்கும். நீட்டிப்பு மனு ஒரு ஜன்னலில், புறப்பாட்டு மனு இன்னொரு ஜன்னலில். இரண்டு ஜன்னலுக்கும் பின்னால் ஒரே மேஜை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தோன்றவில்லை.

6

பதிவு அலுவலகத்துக்கு எங்கள் மூன்று பேரையும் வரச் சொல்லியிருந்தார்கள். லூர்துவையும் சவரியையும் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். நடையில் பெஞ்சில் எஸ்தேவான் ஸயாவும் உட்கார்ந்திருந்தார். அவரையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கண் சிமிட்டினார்.

அதிகாரி பெயர் ஊ பா சின். ‘ஊ’ என்றால் நம் ‘திரு’ மாதிரி. குரலே உயர்த்தாத மனிதர். ஒரு பக்கம் எங்கள் புறப்பாட்டு மனுவில் ஒட்டிய சவரியின் படத்தை வைத்தார். இன்னொரு பக்கம் குழுப் படத்தை வைத்து, கோல்கீப்பர் முகத்தின் மேல் பென்சில் முனையை வைத்தார்.

“ஊ அந்தோனி, முகம் ஒன்று, பெயர் இரண்டு. எந்தத் தாள் பொய்?”

அவர் பொறுமையாக விளக்கினார். பையன் சவரிமுத்து என்றால் பட்டியல் பொய். பட்டியலைப் பொய்யாக எழுதியவர் யாரோ அவர் மேல் நடவடிக்கை உண்டு. அது நானாக இருந்தால், விசாரணை முடியும்வரை என் குடும்பத்துக்குக் கப்பல் கிடையாது. பதிவுப் புத்தகத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

பட்டியல், எங்கள் மனு, ஸயாவின் மனு, மூன்றும் அவர் முன்னால் கிடந்தன. மூன்றிலும் ஓர் எழுத்துக்கு வால் இல்லை. அவர் குருடர் அல்ல. ஆனால் அவருக்கு ஒரு பதில் வேண்டும், கோப்பை மூட வேண்டும்.

பட்டியலைத் தயாரித்தது யார் என்று கேட்டார்.

அடியில் ஸயாவின் கையெழுத்து இருந்தது. நான் அதன் மேல் விரலை வைத்தேன். நல்ல பர்மிய மொழியில், பெரிய மனிதர் முன்னால் பேச வேண்டிய பணிவான சொற்களில், ஸயாதான் செய்தார், எனக்குப் பிறகுதான் தெரியும் என்றேன்.

ஸயாவை உள்ளே கூப்பிட்டார்கள். ஊ பா சின் பட்டியலை அவர் பக்கம் திருப்பி, இது யார் வேலை என்று கேட்டார். ஸயா பட்டியலைப் பார்த்தார். முதன்முறையாக அதை வாசித்தார் என்று நினைக்கிறேன். லா ஷ்வே என்ற இடத்தில் அவர் கண் நின்றது. பிறகு இன்னும் பட்டியல் மேலேயே இருந்த என் விரலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஙா” என்றார்.

மைதானத்தில் கத்துகிற அதே சத்தம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். அதிகாரி முன்னால் அப்படி ஒரு சொல்லைச் சொன்னதற்கே ஊ பா சின்னின் புருவம் ஏறியது. வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். ஸயா இல்லை என்று தலையாட்டிவிட்டு, கீழே விழுந்திருந்த ஒரு தாளைக் குனிந்து எடுத்து மேஜை மேல் வைத்தார்.

இரண்டு வாரத்தில் நாட்டை விட்டுப் போகும்படி அவருக்கு உத்தரவு. எங்களுக்குக் கப்பலில் இடம். நான் நன்றி சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. சவரி கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

7

தாமுவே பஸ்ஸில் சவரி என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான். வீட்டில் நான் பேசினேன். ஸ்பெயின்காரருக்குக் குடும்பமா குட்டியா, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார், நமக்கு அப்படியா என்று லூர்துவிடம் சொன்னேன். அவள் சட்டி கழுவிக்கொண்டே இருந்தாள். அந்தச் சட்டியை அவள் அதற்கு முன்பே ஒருமுறை கழுவியிருந்தாள்.

ஸயா ஒரு சரக்குக் கப்பலில் பினாங்குக்குப் போனார். அணி முழுவதும் துறைமுகத்துக்குப் போயிற்று. எனக்குக் கிட்டங்கியில் வேலை இருந்தது. கிட்டங்கிக்கும் துறைக்கும் நடுவில் ஒரு சாலைதான். கப்பலின் ஊதல் கேட்டபோது நான் ஒரு சரக்கு ரசீதை நாலு நகல் அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு நகல் போதும்.

எங்கள் கப்பலுக்கு இரண்டு நாள் இருந்தது. பெட்டி கட்டியாயிற்று. காலையில் சோறு தின்றுகொண்டிருந்த சவரி, நான் வரவில்லை என்றான். என்னடா பைத்தியக்காரத்தனம், டிக்கெட்டில் உன் பெயர் இருக்கிறது என்றேன்.

“லா ஷ்வேன்னு நீங்கதானே பேர் வச்சீங்க” என்றான். “லா ஷ்வேக்கு ஊர் இதுதான்.”

கத்தினேன். கையை ஓங்கினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். லூர்து பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். பிள்ளையை விட்டுவிட்டு அவள் ஏற மாட்டாள், அவளை விட்டுவிட்டு நான் ஏற முடியாது. மூன்று இடமும் வேறு யாருக்கோ போயின. உங்களுக்கு, உடம்பு சரியில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுதினேன். நீங்கள் தங்கத்தை விட்டுவர மனமில்லை என்று பேசியிருப்பீர்கள்.

சவரி இங்கே பிறந்தவன். குடியுரிமைக்கு அவனே மனு எழுதிப் போட்டான். வரிசையில் நின்றான், கிடைத்தது. அதில் அவன் பெயர் லா ஷ்வே. மனுவை டைப் அடித்துத் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். கையால் எழுதினான், ஒரே நகல், இணைப்பு இல்லாமல்.

ஸயா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஒரு கடிதமும் வரவில்லை. யாருக்கு எழுதுவார்?

8

அவரைப் பார்த்து நான் சிரித்ததையெல்லாம் இப்போது வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். பொய் பேசினார், உண்மை. பானை வயிறு, உண்மை. ஒரு பந்துக்குப் பயந்து கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தார், உண்மை. அந்த ஒரு விரலுக்காக மிச்ச ஆயுளெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடம் விரல் நீட்டாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் என் விரலை நீட்டினேன். அவரைவிட மோசம். அவர் ஒரு கோலுக்காக நீட்டினார். நான் கப்பல் டிக்கெட்டுக்காக நீட்டினேன், அந்தக் கப்பலிலும் ஏறவில்லை.

தமிழுக்கு என்னிடம் மெஷின் இல்லாததால் இதைக் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த சவரி, மதிய ஆட்டத்துக்காகத் தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் இன்னமும் கோல்கீப்பர்தான். போன மாதம் ஓர் ஆட்டத்தில், பேக்கின் பிழையால் விழுந்த ஒரு கோலுக்கு அவன் குனிந்து வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்ததைப் பார்த்தேன். யாரையும் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற என்னையும் பார்க்கவில்லை.

இவ்வளவு நீளமாக என்ன எழுதுகிறீர்கள் என்று பர்மிய மொழியில் கேட்டான். மூன்று வருடத்தில் அவனாக என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். தாளை நீட்டிப் பயனில்லை, அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் வாசித்துக் காட்டினேன். தேங்காய்க்குச் சிரித்தான். பேக் படகுக்குப் போன இடத்தில் கயிறு கட்டுவதை நிறுத்தினான். அது அவனுக்குத் தெரியாது. ஸயா என்னைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஊ பா சின்னின் மேஜைக்கு வந்தேன். பட்டியலைத் தயாரித்தது யார் என்று அவர் கேட்ட வரியை வாசித்தேன். அதற்குக் கீழே தாளில் நான் சொன்ன பதில் இருந்தது. அதை வாசிக்க முடியவில்லை. தாளை மடியில் வைத்துவிட்டு என் மகனிடம் சொன்னேன்.

“ஙா.”

லூர்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சவரி கயிற்றைக் கட்டி முடித்து எழுந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசலில் நின்று, திரும்பாமலே, தமிழில் சொன்னான்.

“சத்தம் பத்தாது, அப்பா.”

இன்று திங்கட்கிழமை. கிட்டங்கிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். பதிவு அலுவலகத்தில் இப்போதும் ஊ பா சின்தான் இருக்கிறார். அவர் என் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த கப்பலில் ஏற்றலாம். அப்படியானால் ஊருக்குப் போகிறேன், போகிறேன் என்று இருபது வருடமாகச் சொன்னவன் கடைசியில் வந்துதான் சேர்வேன், தனியாக. தங்கம் எதுவும் கொண்டுவர மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பட்டியலை அடித்தவன் நான், எஸ்தேவான் ஸயாவுக்கு அது தெரியாது என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஒரே நகல். இணைப்பு இல்லை.